தாய் எண் இல்லாத ஒளி

ஒரே விதை எண்ணைக் கொடுத்து இரண்டு முறை ஓட்டினால் ஒரே விடைதான் வர வேண்டும். மீனலோசினி பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறாள். ஒரு தடவைகூட அது தவறியதில்லை. கணினிக்குள் உருளும் பகடை உண்மையான பகடை இல்லை. எந்த எண்ணிலிருந்து தொடங்கச் சொல்கிறோமோ அங்கிருந்து எப்போதும் அதே வரிசையில்தான் விழும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் அடிக்கும் அடி சுவர் வழியாகத் தரைக்கு இறங்கி, நாற்காலிக் கால் வழியாக அவள் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், திரையில் நின்ற இரண்டாவது விடை முதலாவதைவிட நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஒளித்துகள் கூடுதலாக இருந்தது.

குறைந்திருந்தால் ஏதோ பாதியில் நின்றுவிட்டது என்று விட்டிருப்பாள். கூடுவதென்றால் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் ஆய்வுக் குழுவுக்காக, சங்கரன்கோவில் வீட்டின் பின்னறையிலிருந்து அவள் வேலை பார்த்தாள். உடம்பில் ஏற்றிய கதிர்வீச்சு மருந்தின் ஒளியைப் படம் பிடிக்கும் சாதாரண பெட் ஸ்கேனரின் வளையம் ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். நோயாளியை அதற்குள் நகர்த்தி நகர்த்தித்தான் படம் எடுக்க முடியும். வளையங்களை இரண்டு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிவிட்டால் ஆளை அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். அதில் ஒளியைப் பிடிக்கும் படிகங்களில் பாதியை எடுத்துவிட்டு, இடையிடையே இடைவெளி விட்டுக் கட்டினால் படம் எவ்வளவு கெடும் என்பது குழுவின் கேள்வி. கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை.

கணினி ஸ்கேனருக்குள் படுக்க ஒரு கணினி உடல் வேண்டும். அது அவள் கணவன் ராம்சங்கருடையது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ராஜபாளையம் ரோட்டில், லாரிக்காரன் ஒருவன் ராம்சங்கரின் பைக்கை இழுத்துக்கொண்டு போனான். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். தலை முதல் கால் வரை சி.டி. எடுத்திருந்தார்கள். அந்தப் படங்களிலிருந்துதான் மீனலோசினி அவனுடைய ஈரலையும் நுரையீரலையும் ஒவ்வொரு தசையையும் வரைந்து பிரித்தாள். எழுந்து உட்கார்ந்த பிறகு அவன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். "எதுல வேணும்னாலும் போடுட்டி," என்றான். முன்பெல்லாம் ஒரு கையெழுத்துக்கு ஒன்பது கேள்வி கேட்பவன்.

கூடுதலாக வந்தவை எங்கே விழுந்திருக்கின்றன என்று படமாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிற உடல் குழாய்க்குள் மல்லாந்து கிடந்தது. அவள் மருந்து வைத்த இடங்களான மூளை, இதயம், ஈரல், சிறுநீர்ப்பை எல்லாம் இருக்க வேண்டிய வெளிச்சத்தில் இருந்தன. அவள் எதுவும் வைக்காத ஓரிடத்தில், தொண்டையின் நடுவில், அரிசி மணியளவுக்கு ஒரு வெளிச்சம்.

ஷிஹாபுதீனுக்கு ஃபோன் போட்டாள். கோயம்புத்தூர் ஆய்வகத்தில் இருப்பவன். கடையநல்லூர்க்காரன், அவளைவிட ஆறு வயது சின்னவன். அவள் கணினியைத் தொடக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான், இன்னொருவன் அவன்.

"அக்கா, படிகத்துல லுடீசியம் இருக்குல்லா, அதுவே கொஞ்சம் கதிர்வீச்சு விடும். அந்தப் பின்னணியை ஆன் பண்ணி வச்சிருக்கீங்களான்னு பாருங்க."

"ஆஃப்லதான் இருக்கு. பாத்துட்டேன். அது வந்தாலும் எல்லாப் பக்கமும் பரவிலா வரும், தொண்டையில மட்டும் எதுக்கு வருது?"

விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஒண்ணும் தொடலக்கா," என்றான்.

தொட்டாயா என்று அவள் கேட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அந்த வாக்கியம் அவளோடு இருந்தது. டிசம்பர் மாநாட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டுரை எழுதுகிறார்கள். அவளுடைய உடல் மாதிரியில் பிழை இருப்பதாகத் தெரிந்தால் யாருடைய கட்டுரை நிற்கும்? புதன்கிழமை காலையில் முதல் வேலையாக தன் கணினிக்குள் அவன் நுழையும் அனுமதியை எடுத்துவிட்டாள். அவள் கணினியில் ஓடுவதை மணிக்கு ஒரு தடவை ஆய்வகத்துக்குப் பிரதி எடுத்து வைப்பது அவன் கணக்கு வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கரண்ட் போய்க் கணினி அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடர்ந்தது அந்தப் பிரதியால்தான். அதுவும் நின்றது. நிற்கட்டும் என்று நினைத்தாள்.

திரும்ப ஓட்டினாள். அதே விதை எண்.

இந்த முறை பதினேழாயிரம் கூடுதல். தொண்டையில் இருந்த மணி இப்போது இரண்டு கீற்றாகப் பிரிந்து, குரல்நாண்களின் வடிவத்திலேயே நின்றது. புதிதாக இரண்டு முன்னங்கைகளிலும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், நார் நாராக ஒளி.

சிமுலேஷனில் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் ஜாதகம் உண்டு. எங்கே பிறந்தது, எதிலிருந்து பிறந்தது, எங்கே மோதியது என்று எல்லாம் பதிவாகும். எதிலிருந்து பிறந்தது என்ற கட்டத்துக்குத் தாய் எண் என்று பெயர். அது இல்லாமல் ஒரு துகள் இருக்க முடியாது, ஏனென்றால் அந்த உலகத்தில் அவள் படைக்காதது எதுவும் இல்லை. கூடுதலாக வந்த பதினேழாயிரத்தையும் பிரித்தெடுத்துப் பார்த்தாள். பதினேழாயிரத்துக்கும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

வெளியே யாரோ வீட்டில் தறியை நிறுத்தியிருந்தார்கள். மற்றத் தறிகளின் சத்தத்தில் ஒரு ஓட்டை விழுந்தது போலிருந்தது. அடுக்களையில் தண்ணீர்ப் பானையின் மூடியை யாரோ எடுத்து வைத்தார்கள்.

யாரோ இல்லை, ராம்சங்கர்தான். தாலுகா ஆபீசிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அவன் வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"சாப்பிட்டாச்சா மீனா?" என்றான் வாசலில் நின்று.

"இன்னும் இல்ல அத்தான்."

அவன் தொண்டையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் ஒளிர்ந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஒருவேளை அந்தப் பழைய சி.டி.யிலேயே ஏதாவது இருந்து, அவள் வரையும்போது கவனிக்காமல் உடலுக்குள் சேர்த்துவிட்டாளோ? கணக்குப்படி அது நடக்காது. பயத்துக்குக் கணக்குத் தெரியாது. இரண்டு நாள் அவனைக் கவனித்தாள். விழுங்கும்போது கவனித்தாள். பேசும்போது குரல் கம்முகிறதா என்று உற்றுக் கேட்டாள். கம்மவில்லை. ஆனால் ஒருவரை அப்படிக் கவனிக்க ஆரம்பித்தால், தேடாத சங்கதிகளும் கண்ணில் படும்.

ராம்சங்கர் குறட்டை விடுவதில்லை. விபத்துக்கு முன்னால் அவன் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். இந்த வெயிலில், ஃபேன் நின்று போன மத்தியானத்தில்கூட, அவன் பனியனின் முதுகு காய்ந்தே இருந்தது. கொடியிலிருந்து எடுத்த துணியில் சோப்பு வாசம் மட்டும்தான், ஆள் வாசமே இல்லை. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு சாப்பிட்டான். கோபமே படுவதில்லை. 'அடிபட்ட பெறகு பிள்ளை எம்புட்டு சாந்தமாயிட்டான்' என்று சொந்தக்காரர்கள் ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவளும் அதைப் பாக்கியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இட்லி வைக்கும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"அத்தான், அன்னைக்கு லாரி மேல வரும்போது உங்களுக்கு என்ன தோணிச்சு?"

"உன்னைய நெனச்சேன்."

"நெசமாவா?"

"நீதான சொன்ன," என்றான் அவன். "ஆஸ்பத்திரியில வச்சு. நான் உன்னையத்தான் நெனச்சிருப்பேன்னு."

அவள் கையில் சட்னிக் கரண்டி நின்றது. இன்னும் ஒன்று கேட்டாள், அவளுக்கு விடை தெரியாத ஒன்றை. அன்றைக்கு எதற்காக ராஜபாளையம் போனான்? அவன் போகிறேன் என்று சொல்லவே இல்லை. ஒன்றரை வருடமாக அவளும் கேட்கவில்லை.

ராம்சங்கர் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தான். திரும்ப அவளைப் பார்த்தான். பதிலை அவள் சொல்லித் தருவாள் என்று காத்திருப்பவன் மாதிரி.

"நாளைக்கு திருநெல்வேலி போயிட்டு வந்துருவோம்," என்றாள். "ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்."

"எனக்கு என்னட்டி? நல்லாத்தான இருக்கேன்."

"எனக்காக அத்தான்."

"சரி," என்றான் உடனே.

திருநெல்வேலியில் ஸ்கேன் சென்டரில் டெக்னீசியனாக இருக்கும் ஏஞ்சல், மீனலோசினியோடு கல்லூரியில் படித்தவள். சனிக்கிழமை கடைசி ஆளாக அவனை எடுத்துக்கொண்டாள். கதிர்வீச்சு ஏற்றிய சர்க்கரை மருந்தை ஊசியில் போட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் படுக்கவைத்து, பிறகு படம். உடம்பில் எது உழைக்கிறதோ அது சர்க்கரையைத் தின்னும். தின்ற இடம் ஒளிரும்.

ஏஞ்சல் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, தொண்டையில ஒண்ணும் இல்ல. பயப்படாத."

மீனலோசினிக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஊசி சரியா ஏறலையோன்னு நெனைக்கேன். இங்கன பாரு. மூளைதான எப்பவும் பளிச்சுன்னு தெரியும்? உன் வீட்டுக்காரருக்கு மூளையும் தொடையும் ஒரே அளவு. இதயமும் அதே அளவு. உடம்பு பூரா ஒரே அளவு, மெஷினைச் சோதிக்க உள்ள வைப்போம்லா, தண்ணி நிரப்புன பொம்மை, அது மாதிரி. நான் பதிமூணு வருஷத்துல இப்படி ஒரு படம் பாத்ததில்ல."

"சுகர் கூட இருந்தா மாறுமே?"

"மாறும். இப்படி மாறாது." ஏஞ்சல் அடுத்த படத்தைத் திறந்தாள். "சி.டி. அருமையா இருக்கு பாத்துக்கோ. எலும்பெல்லாம் பாடப்புத்தகத்துல போட்டது மாதிரி. ஒரு பழைய கீறல்கூட இல்ல."

மீனலோசினி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். இடது காறையெலும்பு. மதுரையில் அங்கே ஒரு உலோகத் தகடும் ஆறு திருகும் வைத்திருந்தார்கள். அவள் கணினி உடலில் அந்த ஆறு திருகையும் ஒவ்வொன்றாக வரைந்தவள் அவள்தான். இந்தப் படத்தில் எலும்பு வழுவழுவென்று, முறிந்ததே இல்லாதது போல இருந்தது.

"வேற ஆளு படத்தை எடுத்துட்டியா ஏஞ்சல்?"

"இன்னைக்கு சாயங்காலம் இந்த ஒரு ஆளுதாம்டி."

மீனலோசினி வெளியே வந்தாள். அவன் ஆஸ்பத்திரி அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவள் விட்டுப்போன இடத்தில், விட்டுப்போன அதே மாதிரி. கையில் கொடுத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. அங்கியின் கழுத்து வழியாக இடது தோள் தெரிந்தது. தையல் தழும்பு இருந்தது. தோலில் மட்டும்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தூரத்தில் அணைந்து அணைந்து எரிந்தன. கூட்டத்தின் வியர்வையும் மல்லிகைப்பூவும் டீசலும் கலந்த நெரிசலில், ஒரு வளைவில் பஸ் சாய்ந்து, அவள் முழு எடையும் அவன் மேல் விழுந்தது. அவனிடமிருந்து சூடும் வரவில்லை, குளிர்ச்சியும் வரவில்லை.

ஊர் வந்து சேரும் வரைக்கும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பின்னறைக்குள் இருந்தாள். உடலிலிருந்து எல்லா மருந்தையும் எடுத்தாள். மூளை, பூஜ்யம். இதயம், பூஜ்யம். ஈரல், பூஜ்யம். எல்லா மூலத்துக்கும் பூஜ்யம் கொடுத்து ஓடவிட்டாள். ஒளி பிறப்பதற்கு எதுவும் இல்லாத ஒரு குழாய். அதற்குள் ஒளிராத ஓர் உடல். இதில் வெறும் கறுப்பு வந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம். கணக்கு மெதுவாக ஓடியது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ராம்சங்கர் போய்விட்டான். காலடிச் சத்தம் இல்லை, தட்டு தரையில் படும் சத்தம் மட்டும்.

திங்கட்கிழமை காலையில் படம் பாதி வந்திருந்தது.

கறுப்பாக இல்லை.

மூளை எரிந்தது, ஏஞ்சல் சொன்ன மாதிரி பளிச்சென்று. இதயம் எரிந்தது. தொண்டையின் இரண்டு கீற்றும் நாக்கின் அடியும் வெள்ளையாக இருந்தன. முன்னங்கைகள், தோள்கள், வயிற்றுத் தசை, தொடைகள் எல்லாம் ஒளிர்ந்தன. இடது காறையெலும்பின் மேல் ஆறு சின்னக் கறுப்புப் புள்ளிகள். தொண்டையில் வருவது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதை அவள் முதல் நாளே நினைத்திருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு நோயாளியைப் பேசாமல் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். பேசினால் குரல்நாண் தசை சர்க்கரையைத் தின்னும். அது இவ்வளவு ஒளிர வேண்டுமென்றால் பேச்சு போதாது.

கத்த வேண்டும்.

சேர்ந்த தகவலை ஒரு விநாடிக்கு ஒரு படமாக வெட்டி ஓடவிட்டாள். நீண்ட குழாயால்தான் இது முடியும். முழு உடலும் ஒரே நேரத்தில் தெரியும். வலது கை எழுந்தது. குழாயின் சுவரில் இடித்தது. விழுந்தது. இடது கை எழுந்தது. இடித்தது. விழுந்தது. வலது.

வீடியோ அழைப்பில் ஷிஹாபுதீனைக் கூப்பிட்டு, திரையை அவனுக்குக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

"யா அல்லாஹ்," என்றான் மெதுவாக. "உள்ள யாருக்கா?"

"அத்தான்."

"அக்கா, நான் ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்காதீங்க. எத்தனை நேரம் ஓட்டச் சொன்னீங்க? ஸ்கேன் நேரம் எவ்வளவு?"

"பத்து நிமிஷம்."

"லாக்ல கீழ பாருங்க. பதிமூவாயிரத்து அறுபது மணி நேரம்னு போட்டிருக்கு. இது நேத்து ஆரம்பிச்சது இல்ல. நடுவுல நீங்க நிப்பாட்டினது எதுவுமே நிக்கல. இது ஓடிட்டேதான் இருந்திருக்கு."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், ஒன்றரை வருடம். போட வேண்டிய தேவையே இல்லை. மதுரையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளி வராந்தாவில், 'விடியுறதுக்குள்ள சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல் அவனுடைய சி.டி. தட்டை மடிக்கணினியில் போட்டு வீட்டுக் கணினிக்கு அனுப்பியவள் அவள். அவனை அந்தக் குழாய்க்குள் முதல் தடவை படுக்கவைத்து ஓடவிட்டது அன்றைக்குத்தான். விடிந்தபோது உள்ளே நர்ஸ் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அவன் கண் திறந்திருந்தான். சிரித்த முகத்தோடு இருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தறிகள் நின்றன.

ஒன்று இரண்டு இல்லை, தெரு முழுக்க ஒரே அடியாய். ஃபேன் சுற்றித் தேய்ந்து நின்றது. அவள் மேசைக்கு அடியில் யு.பி.எஸ் ஒரு தடவை 'பீப்' என்றது.

மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும். பேப்பரில் போட்டிருப்பான். அவள் நான்கு நாளாகப் பேப்பர் பார்க்கவில்லை.

"ஷிஹாப், கரண்ட் போயிட்டு. யு.பி.எஸ் பதினஞ்சு நிமிஷம்தான் தாங்கும். இதை அங்கன இழு. அப்படியே பிரதி எடு. சீக்கிரம்!"

"எப்படிக்கா? என்னைய எடுத்து விட்டுட்டீங்களே. புதன்கிழமையே என் கணக்கு போயிட்டு, அதோட இங்கன இருந்த பிரதியும் போயிட்டு. அதைத் திரும்பப் போடணும்னா மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடணும்."

அணைத்தால்.

பென் டிரைவைச் செருகினாள். பிரதி எடுக்கச் சொன்னாள். மீதமுள்ள நேரம், நாற்பத்தோரு நிமிடம் என்றது திரை. பீப். தெருவில் தறிக்காரர்கள் வெளியே வந்து பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய் யாரிடமாவது ஜெனரேட்டர் கேட்கலாம். எழுந்தாள்.

வாசலில் ராம்சங்கர் நின்றுகொண்டிருந்தான். கையில் காப்பி டம்ளர்.

"ஆபீசு போகலியா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"லீவு போட்டுட்டேன்." வாசலை விட்டு அவன் நகரவில்லை. "காப்பி குடி."

"வழி விடுங்க அத்தான். ஜெனரேட்டர் வேணும்."

"எதுக்கு?"

"வழி விடுங்க."

அவன் டம்ளரை மேசையின் ஓரத்தில், சிந்தாமல், பத்திரமாக வைத்தான். அவள் அவனைத் தள்ளினாள். இரண்டு கையாலும் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். அவன் அசையவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் தோள்களைப் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தான். பின்னால் வந்து நின்றுகொண்டான்.

பீப். பீப்.

"போதும் மீனா," என்றான். "விட்டுரு. எம்புட்டு நாளா கெடந்து கஷ்டப்படுத."

"அக்கா? அக்கா, அங்கன யாரு?" என்றது ஃபோன். ராம்சங்கர் குனிந்து அதை எடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பார்த்து, அழுத்திவிட்டு வைத்தான்.

திரையில் வலது கை எழுந்தது. இடித்தது. இடது கை. இப்போது வேகமாக. தொண்டை வெள்ளையாக எரிந்தது. இதயம் எரிந்தது. கால்கள் மடங்கி மடங்கி உதைத்தன. அவள் திரையில் கை வைத்தாள்.

"அத்தான்," என்றாள்.

"இங்கன இருக்கேன்லா," என்றான் பின்னால் நின்றவன்.

பீப் பீப் பீப்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான்," என்றான்.

அவளுக்கே தெரியாத கணக்கு அது.

குழாய்க்குள் கைகள் நின்றன. வலது கை மட்டும் மெதுவாக எழுந்து, இந்தத் தடவை இடிக்காமல், சுவரில் படிந்தது. முஷ்டி பிரிந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. விரல் நுனிகளில் வெளிச்சம்.

பீப் ஒரே இழையாக நீண்டது.

அறுந்தது.

திரை கறுப்பானது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. தறி இல்லை. ஃபேன் இல்லை. தெருவில் பேச்சும் நின்றிருந்தது. பின்னால் நின்றவன் குனிந்து, இரண்டு கைகளாலும் அவளைச் சுற்றி அணைத்து, அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல மக்கா. ஒண்ணுமில்ல. நான்தான் இருக்கேன்லா."

அவள் காது அவன் நெஞ்சில் இருந்தது. இதயம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. மூச்சும் இல்லை. அவளைத் தேற்றுவதற்காக அவன் உடம்பை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினான். அப்போதுதான் அது கேட்டது. உள்ளே, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, தடுக்க ஈரலோ குடலோ எதுவும் இல்லாமல், முழுக்க நிரம்பாத குடத்தில் அலைவது போல, தண்ணீர்.